ஊட்டச்சத்துடன் காலமானார்

சுற்றறிக்கை சமையலறைக்கு வந்து சேர்ந்தபோது நூற்று எண்பது முட்டைகள் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தன.

"அடுப்ப அணைச்சிடுங்க மாஸ்டர். இன்னிலேருந்து முட்டை கிடையாது" என்றார் உயிர்ச்சத்து உயர்மட்டக் குழுவின் செயலாளர்.

"வெந்துக்கிட்டு இருக்கே சார்."

"அதுக்கும் வழி சொல்லியிருக்கு." செயலாளர் தாளைத் திருப்பி வாசித்தார். "வெந்துகொண்டிருக்கும் முட்டைகள் வெந்த நிலையிலேயே திரும்பப் பெறப்படும்."

அந்தப் பெரிய மருத்துவமனையின் அடித்தளச் சமையலறையில் மாஸ்டர் பத்தொன்பது வருடங்களாக நோயாளிகளுக்குச் சமைத்துவந்தார். மேலதிகாரி சொன்னதை மறுத்துப் பேசிய வழக்கம் அவருக்கு இல்லை. அடுப்பை அணைத்தார்.

ஊரில் அப்போது நுரையீரலைத் தாக்கும் வைரஸ் காய்ச்சல் பரவியிருந்தது. நான்காம் மாடி முழுக்க மூச்சுத் திணறுகிறவர்கள். மருத்துவமனை ஏதாவது செய்தாக வேண்டிய நிலை வந்தது. ஆகவே ஒரு குழுவை அமைத்தது. வைட்டமின் குறைவாக உள்ளவர்களை இந்தக் காய்ச்சல் கூடுதலாக வாட்டக்கூடும் என்று குழுவில் யாரோ எங்கோ படித்திருந்தார். அதில் தவறொன்றும் இல்லை. குழு அந்த ஒரு வரியைக் கையில் பிடித்துக்கொண்டு, போகக்கூடாத தூரமெல்லாம் போய்விட்டது.

"உணவின் நோக்கம் உயிர்ச்சத்து. உயிர்ச்சத்து மாத்திரையில் உள்ளது. எனவே உணவு என்பது மாத்திரையின் முற்றுப்பெறாத வடிவம் எனக் குழு கருதுகிறது. இனி இம்மருத்துவமனையில் உணவு எனும் சொல் மாத்திரையையே குறிக்கும்."

காலையில் இரண்டு, மதியம் மூன்று, மாலையில் ஒன்று. அவற்றைத் தட்டில் வைத்து, மூடி போட்டு, தள்ளுவண்டியில் ஏற்றி மேலே அனுப்புவது மட்டுமே சமையலறையின் வேலை. சூடாகப் பரிமாற வேண்டுமா என்று மாஸ்டர் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். இரண்டு நாள் கழித்து எழுத்தில் பதில் வந்தது: "அறை வெப்பநிலை போதுமானது."

நோயாளிகளுக்கு மதிப்பெண் வேறு உண்டு. ஒவ்வொரு மாத்திரையும் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் மதிப்பெண் ஏறும். அதை விழுங்கினாரா என்ற கேள்வி அந்தக் கணக்கில் வராது. விழுங்குவது நோயாளியின் சொந்த விஷயம், அதில் தலையிடுவது பண்பாகாது என்று குழு தீர்மானித்திருந்தது.

குழுவின் தலைவர் முப்பது வருடங்கள் மருத்துவப் பதிவேட்டு அறையை நிர்வகித்தவர். ஒரு நோயாளியையும் அவர் தொட்டதில்லை. ஆனால் எல்லா நோயாளிகளின் தாள்களையும் தொட்டிருக்கிறார்.

சுற்றறிக்கை வந்த மூன்றாவது வாரம் மாஸ்டரின் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள். பள்ளிச் சீருடைகள் தைக்கும் கடை வைத்திருந்தாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே மூன்று பேரை ஒரே மூச்சில் திட்டக்கூடியவள். திங்கட்கிழமை இருமினாள். வியாழக்கிழமை "டேய், அந்தத் துணிய எடுத்து" என்றதோடு நின்றுவிட்டாள். அக்கா பாதி வாக்கியத்தில் நிற்பதை மாஸ்டர் அதுவரை பார்த்ததே இல்லை. உடனே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

நான்காம் மாடியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் படுத்திருந்தார். தினமும் மதியம் மாஸ்டர் தட்டைக் கொண்டுவந்து மூடியைத் திறக்கும்போது எழுந்து உட்கார முயல்வார்.

"இன்னிக்கு என்ன மாஸ்டர்?"

"மஞ்சள் ரெண்டு, சிவப்பு ஒண்ணு."

"நேத்தும் அதேதானே?" தபால்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். "உள்ள கடுதாசி இல்லாத உறை மாதிரி இருக்குங்க."

வார்டு நர்ஸ் நேராகப் பேசுகிறவர். மாஸ்டரை ஜன்னல் பக்கம் அழைத்துப்போனார்.

"உங்க அக்காவுக்கு ரத்தத்துல வைட்டமின் டி குறைவுதான். மாத்திரை வேணும், நான் வேணாம்னு சொல்லல. ஆனா மாத்திரை சாப்பாடு ஆகாது. மூச்சு விடறதே இவங்களுக்கு இப்ப மூட்டை தூக்கற வேலை. வேலை செய்யற உடம்புக்குச் சாப்பாடு போடலேன்னா அது தன் சதையையே தின்ன ஆரம்பிச்சிரும். நெஞ்சுல மூச்ச இழுக்கற சதையும் அதுல சேர்த்திதான்."

"அப்ப என்ன குடுக்கணும் சிஸ்டர்?"

"முட்டை, பால், மசிச்ச உருளைக்கிழங்கு. ஸ்பூன் ஸ்பூனா, நடுநடுவுல மூச்சு வாங்க விட்டுக் குடுக்கணும். முடியாதவங்களுக்கு மூக்கு வழியா குழாய் போட்டுக் குடுக்கலாம். இதையெல்லாம் எழுதி குழுவுக்கு மூணு லெட்டர் போட்டாச்சு."

"பதில் வந்துச்சா?"

"லெட்டருக்கு ஒரு டப்பா வைட்டமின் சி வந்துச்சு. நான் சோர்ந்து போயிருக்கேனாம்."

மறுநாள் மாஸ்டர் வீட்டில் காய்கறி சூப் வைத்து எடுத்துவந்தார். நான்காம் மாடி வாசலில் காவலாளி மறித்தார். பதிவு செய்யப்படாத சத்துக்கு அனுமதி இல்லையாம். பதிவு செய்ய ஒரு படிவம் இருந்தது. "சூப்பின் நோக்கம்" என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று மாஸ்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு "அக்கா" என்று எழுதினார். சூப் ஆய்வகத்துக்குப் போனது. மூன்று நாள் கழித்து முடிவு வந்தது: "மாதிரி கெட்டுப்போயுள்ளது. நோயாளிக்கு இதைக் கொடுக்க நினைத்தவரை எச்சரிக்கவும்."

எச்சரித்தார்கள்.

அதன் பிறகுதான் மாஸ்டர் வாழ்க்கையில் முதல் முறையாகத் திருட்டு வேலையில் இறங்கினார். சலவைக்குப் போய்வரும் தலையணை உறைகளுக்கு நடுவே அவித்த முட்டைகளை ஒளித்து மேலே கொண்டுபோனார். முகமூடியை விலக்கி அக்காவுக்கு ஒரு துணுக்கு ஊட்டுவார், மறுபடி மாட்டுவார். பாதி முட்டை தீர அரைமணி நேரம் ஆகும். மிச்சப் பாதி தபால்காரருக்கு. அந்த நேரங்களில் நர்ஸ் ஜன்னலுக்கு வெளியே எதையோ கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் பிடிபட்டார்கள். தபால்காரரின் சட்டையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

விசாரணை குழு அறையில் நடந்தது. தலைவர், செயலாளர், இன்னும் இரண்டு உறுப்பினர்கள். மேசை நடுவில் வெண்ணெய் பிஸ்கட் தட்டு. விசாரணை முடிவதற்குள் அது இரண்டு முறை நிரப்பப்பட்டது.

"உங்க அக்காவோட மதிப்பெண் என்ன தெரியுமா? தொண்ணூத்தி நாலு" என்றார் தலைவர். "இந்தக் கட்டடத்துலயே பெருமைப்படற மாதிரி ஒரு மதிப்பெண். அதுல போய் முட்டையக் கலந்துட்டீங்களே! நாளைக்கு அவங்க தேறிட்டாங்கன்னு வெச்சுக்குவோம். எதனால தேறினாங்கன்னு நாங்க என்னன்னு எழுதறது?"

"அவங்களால மூச்சு விட முடியல சார்."

"அது வேற பிரிவு."

"பசிக்குதுன்னு கையால காட்டறாங்க சார்."

தலைவர் பிஸ்கட் துகளை விரலால் ஒற்றி எடுத்தார். "நான் முப்பது வருஷம் பதிவேட்டு அறையில இருந்திருக்கேன். லட்சக்கணக்கான நோயாளிங்க என் கையைத் தாண்டிப் போயிருக்காங்க. ஒரு தாள்கூட பசிக்குதுன்னு சொன்னதில்ல."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். செயலாளர் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டார்.

மாஸ்டருக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. "ஒருவேளை செத்துப்போயிட்டா, சார்?"

"கவலையே படாதீங்க" என்றார் செயலாளர் கனிவாக. "மதிப்பெண் குறையாது."

மாஸ்டர் பத்து நாள் நான்காம் மாடிக்குப் போகக்கூடாது என்று உத்தரவானது. அந்தப் பத்து நாளும் அவர் கீழே மாத்திரைகளைத் தட்டில் அடுக்கினார். அக்காவின் தட்டுக்கு மட்டும் மூடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மேலே நர்ஸ் நான்காவது கடிதம் எழுதினார். இந்த முறை சாப்பாடு என்ற பேச்சையே எடுக்கவில்லை. "மாத்திரைகளைக் கரைத்து மூக்குக்குழாய் வழியே செலுத்த, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கரைப்புத் திரவம் தேவை" என்று எழுதினார். பால், முட்டை, எண்ணெய், சர்க்கரை என்று திரவத்தின் சேர்மானம் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. மாத்திரை என்ற சொல் ஐந்து இடத்தில் வந்திருந்ததால் குழு மகிழ்ந்து ஒப்புதல் தந்தது. ஆனால் கட்டில்வாரியாகத்தான் தந்தது, ஒரு நாளைக்கு ஒரு கட்டில். அக்காவின் கட்டில் முதலில் வந்தது. நான்காம் நாளே அவள் நர்ஸை "குழாய ஒழுங்கா ஒட்டத் தெரியாதா?" என்று கேட்டாள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தபால்காரரின் கட்டிலுக்கு ஒப்புதல் வந்தது ஒரு புதன்கிழமை. அவர் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போய்விட்டார்.

அவருடைய தாளில் தலைவரே கைப்பட எழுதினார்: "ஊட்டச்சத்துடன் காலமானார். மதிப்பெண் 98."

மாஸ்டருக்கு விஷயம் தெரிந்தது மின்தூக்கிக்குப் பக்கத்தில். சுவரில் ஆள் உயரச் சுவரொட்டி. முகமூடி மாட்டிய தபால்காரரின் படம், கீழே "98! நீங்களும் எட்டலாம்!" என்று கொட்டை எழுத்து. மாஸ்டர் அதன் முன்னால் நின்றார். மின்தூக்கி இரண்டு முறை வந்து திறந்து மூடிப் போனது.

தடை முடிந்த அன்று அக்காவிடம் போய்ச் சொன்னார். அவளுக்கு முன்பே தெரியும். பக்கத்துக் கட்டில்தானே.

"போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவரு என்ன கேட்டாரு தெரியுமா?" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். "ரொட்டி ஓரம் இருந்தாக்கூடப் போதும்னாரு. என்கிட்ட கேட்டாருடா. என் மூக்குல குழாய். நான் எங்க போவேன் ரொட்டிக்கு?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அழுதுட்டுப் போயிடாதே. இவனுங்கள சும்மா விட்டேன்னா என் மூஞ்சில முழிக்காதே."

இரண்டு வாரம் கழித்து மருத்துவமனைக்கு விருது கிடைத்தது. நாட்டிலேயே அதிக உயிர்ச்சத்து மதிப்பெண் பெற்ற மருத்துவமனை. விருது கொடுக்கச் சுகாதாரத் துறைத் தலைமை ஆணையர் அம்மாவே வருகிறார் என்று சொல்லிக்கொண்டு செயலாளர் சமையலறைக்கு ஓடி வந்தார்.

"நாப்பது பேருக்கு மதிய விருந்து மாஸ்டர். முழுக் கோழி வறுத்துருங்க. மீன் ஒண்ணு. கேக் ரெண்டு வகை. தலைவருக்கு மட்டும் கோழிக்கால் தனியா எடுத்து வெச்சிருங்க."

"எழுதிக் குடுத்துருங்க சார்."

"இதுல எழுத என்ன இருக்கு?"

"எழுத்துல இல்லாம எதையும் அடுப்புல ஏத்தக்கூடாதுன்னு உத்தரவு இருக்கு சார்."

செயலாளர் பேனாவை எடுத்துவிட்டு யோசித்தார். கோழி என்று எழுதினால் சொந்தக் கையால் சுற்றறிக்கையை மீறியதாகிவிடும். கடைசியில், "விருந்தினர்களுக்கு மிகச் சிறந்த, முழுமையான மதிய உணவு வழங்கவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். "புரிஞ்சுதில்ல?" என்று கண்ணடித்தார்.

"நல்லாப் புரிஞ்சுது சார்" என்றார் மாஸ்டர்.

விழா காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. தலைவர் இரண்டு மணி நேரம் பேசினார். "வயிறு என்பது பழங்காலத்து உறுப்பு" என்றார். "பசி ஒரு பழக்கம். அதைக் கைவிட நோயாளிக்கு உதவுவதே மருத்துவம்" என்றபோது கைதட்டல் ஓய நேரமானது. மற்றவர்களும் பேசி முடித்து, மூன்று மணிக்கு எல்லோரும் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்கள். பளபளக்கும் மூடிகளுடன் நாற்பது தட்டுகள். மாஸ்டர் வெள்ளை உடுப்பில் ஓரமாக நின்றார்.

மூடிகள் ஒன்றாகத் திறந்தன. தட்டுக்கு மூன்று மாத்திரை. மஞ்சள் இரண்டு, சிவப்பு ஒன்று.

செயலாளர் தன் மூடியைத் திரும்பப் போட்டு மறுபடி திறந்து பார்த்தார்.

ஆணையர் அம்மா தட்டையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து கைதட்டினார். "இதுதான் தலைமைப் பண்பு! நோயாளிக்குத் தருவதையே தாங்களும் உண்கிறார்கள். நான் நெகிழ்ந்துவிட்டேன். மற்ற எல்லா மருத்துவமனைகளிலும் இதைக் கொண்டுவருமுன் ஒரு மாதிரி ஆய்வு தேவைப்படுகிறது. குழு உறுப்பினர்கள் நால்வரும் நான்காம் மாடியிலேயே தங்கி, முப்பது நாள் இந்த உணவில் மட்டும் வாழ்ந்து காட்டுவார்கள் என அறிவிப்பதில் பெருமைப்படுகிறேன்."

தலைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் புகைப்படம் எடுத்துவிட்டார்கள். அது மிகவும் ஆர்வமான முகமாகப் பதிவாகியிருந்தது. ஆணையர் அம்மா ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். ரயிலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று உதவியாளரிடம் சொன்னது மாஸ்டர் காதில் விழுந்தது.

நால்வருக்கும் வரிசையாகக் கட்டில் போட்டார்கள். தலைவரின் மனைவி சூப் கொண்டுவந்தார். காவலாளி படிவம் நீட்டினார். சூப் ஆய்வகத்துக்குப் போனது. இரண்டாம் நாள் செயலாளரின் காலுறைக்குள்ளிருந்து ஒரு வெண்ணெய் பிஸ்கட் கைப்பற்றப்பட்டது. மதிப்பெண் மட்டும் நால்வருக்கும் நூறு. தினமும் காலையில் மாஸ்டரே தள்ளுவண்டியோடு போய் மூடியைத் திறந்தார்.

"இன்னிக்கு என்ன?" என்று கேட்டார் தலைவர், மூன்றாம் நாள்.

மாஸ்டர் வண்டியை அடுத்த கட்டிலுக்குத் தள்ளினார். அதே கேள்வியைத் தபால்காரர் தினமும் கேட்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குத் தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்கு இறங்கி வந்தார். கரைப்புத் திரவத்துக்காக வந்த முட்டைகள் கூடையில் இருந்தன. அவர் மாஸ்டரிடம் வணக்கம் சொல்லவில்லை, கூடையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஒரே ஒரு முட்டை, மாஸ்டர்."

"பசிக்குதா சார்?"

"பசின்னு சொல்ல முடியாது. ஒரு மாதிரி வெறுமை."

"சுற்றறிக்கைய ரத்து பண்ணிடுங்க. தர்றேன்."

"அதுக்கு நாலு பேரும் கூடணுமே."

"கூப்பிடுங்க. நான் அடுப்பப் பத்த வெக்கறேன்."

நால்வரும் வந்தார்கள். நர்ஸும் கையில் ஒரு தாளோடு கூடவே வந்தார். மாஸ்டர் சரியாக நான்கு முட்டைகளைப் பாத்திரத்தில் போட்டார். தண்ணீர் கொதிக்கும் சத்தத்தில் குழு கூடியது. முட்டை என்பது ஓட்டுடன் கூடிய மாத்திரையே எனக் குழு கண்டறிந்தது. பால், ரொட்டி, கிழங்கு யாவும் தளர்ந்த நிலை மாத்திரைகள். எல்லா நோயாளிகளுக்கும் இன்று முதல் வழங்கலாம். நான்கு கையெழுத்தும் ஆறு நிமிடத்தில் விழுந்தன. நான்கு கைகளும் பாத்திரத்தை நோக்கி நீண்டன.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார் மாஸ்டர். நர்ஸ் கையிலிருந்த தாளை வாங்கி விரித்தார். தபால்காரரின் தாள். "இதுல எழுதினத அடிச்சிட்டு நடந்தத எழுதுங்க."

தலைவர் அப்போதுதான் நிமிர்ந்தார். சுற்றறிக்கையை ரத்து செய்தபோது துடிக்காத உதடு இப்போது துடித்தது. "பதிவேட்டுல திருத்தமா? முப்பது வருஷத்துல நான் ஒரு தாளையும் திருத்தினதில்ல." பிறகு முட்டைகளைப் பார்த்தார். "வேணும்னா, உணவு இடைவெளியில் காலமானார்னு எழுதறேன்."

மாஸ்டர் ஒரு முட்டையை எடுத்தார். ஓட்டைத் தட்டி, நிதானமாக உரித்து, உப்பு தொட்டு, தானே தின்றார்.

நால்வரும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குறைந்த உட்கொள்ளல் நிலையில்னு போடலாமா?" என்றார் செயலாளர் அவசரமாக.

இரண்டாவது முட்டையும் போனது. உண்மையில் மாஸ்டருக்குப் பசியே இல்லை.

"சத்து வரவேற்கப்படாத சூழலில்…" என்று தொடங்கினார் இன்னொரு உறுப்பினர். மூன்றாவதை மாஸ்டர் பாதி கடித்தபோதே மற்ற மூவரும் அந்த உறுப்பினரின் வாயைப் பொத்தினார்கள்.

நர்ஸ் பேசினார். "சாப்பாடு குடுத்திருந்தா அவரு பிழைச்சிருப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன் சார். நுரையீரல் அந்த அளவுக்குக் கெட்டிருந்துச்சு. ஆனா பசியோட போயிருக்க வேண்டியதில்ல. அத எழுதுங்க, போதும்."

தலைவர் பேனாவை எடுத்தார். பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார். மாஸ்டர் அவர் தோளுக்கு மேலே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்: "இவர் பசியோடு இறந்தார். உணவைத் தடுத்தது நாங்கள்." நால்வரும் கையெழுத்திட்டார்கள்.

மிச்சமிருந்த ஒரே முட்டையை மாஸ்டர் உரித்துப் பலகையில் வைத்து, நூலால் நான்காகப் பிரித்தார். ஆளுக்கொரு துண்டு. தலைவர் தன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். மெல்லுவதையே மறந்துவிட்டவர்போல அப்படியே நின்றார். மாஸ்டர் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

பிறகு நூற்று எண்பது முட்டைகளை அண்டாவில் போட்டுவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு நான்காம் மாடிக்குப் போனார். சாயங்காலம் அதன் நகலைத் தபால்காரரின் மனைவியிடம் நர்ஸ் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தாள். கையெழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தன முட்டை குடுத்தே?"

"ஒண்ணு. நாலு பேருக்கு."

அக்கா தாளை மடித்தாள்.

"உப்பு போட்டியா?"

"இல்ல."

"சரி" என்றாள்.